தோட்டத்து வருஷம் – 9: ஓணத்துக்கு நாள் எண்ணி

போன வாரம் மல்லிச் செடியைக் கவாத்து வெட்டியதோடு நிறுத்தியிருந்தோம். மல்லி தன் இஷ்டத்துக்குப் பூக்கிற செடி. தை முகூர்த்தங்களில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது பனியில் மொட்டே இருக்காது. சித்திரையில் பூத்துக் கொட்டும்போது விலை இருக்காது. கேந்தி அப்படியில்லை. நட்ட நாளைச் சொன்னால் பூக்கும் நாளை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அதனால்தான் கங்கைகொண்டான் வட்டாரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் வைகாசியிலேயே காலண்டரைப் புரட்டுகிறார்கள். தேடுவது திருவோணம் என்றைக்கு என்று.

2023-ல் அது ஆகஸ்ட் 29. மறு வருஷம் செப்டம்பர் 15. இந்தப் பதினேழு நாளில் ஏமாந்தால் போச்சு. நாற்று சுமார் 25 நாள், நட்டபின் பூவெடுக்க 60 நாள். ஓணத்துக்குச் சில நாள் முன்பே கேரளத்தில் அத்தப்பூக்களம் போடத் தொடங்கும்போது தோவாளைச் சந்தைக்குப் பூ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்படிப் பின்னோக்கி எண்ணினால் 2023-க்கு ஆனி முதல் வாரமும் 2024-க்கு ஆனிக் கடைசியும் நடவுக்கு வரும். மூன்று நாளுக்கொரு முறை பறித்துக்கொண்டே இருக்கலாம்தான். ஆனால் முதல் சில பறிப்பில் வருகிற பருத்த பூ பிறகு வராது.

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல். இங்கே வெறும் காற்று. கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே மேல்காற்றுதான் கேந்தியைச் சாய்த்தும் போடும். மண் அணைத்துக் கொடுக்க வேண்டும். நட்டு ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் செடி குட்டையாகிக் கிளை பிரியும். காற்றுக்கும் நிற்கும், பூவும் கூடும். ஆனால் பூப்பது சில நாள் தள்ளிப் போகும். கிள்ளுவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு வருஷமும் நடக்கிற வாக்குவாதம். தேதி நெருக்கமாக இல்லையென்றால் கிள்ளுவதே நல்லது என்பது என் கட்சி.

கேந்திக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே நவம்பர் முதல் இரண்டு நாளும் இறந்தவர்களை வரவேற்கக் கல்லறைகளில் இந்தப் பூவைத்தான் குவிக்கிறார்கள். அந்த ஊர் விவசாயிக்கும் இதே தேதிக் கணக்குதான்.

தேதிக் கணக்கு சரியாக இருந்தாலும் போதாது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலம் சரிந்தது. கேரள அரசு ஓண விழாக்களை ரத்து செய்தது. இங்கே அப்போது செடி நட்டுச் சில வாரம் ஆகியிருந்தது. பிடுங்கவும் முடியாது, பூக்காதே என்று சொல்லவும் முடியாது. போதாததற்குக் கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் அங்கேயே ஓணத்துக்குக் கேந்தி பயிரிடுகிறார்கள். அது அவர்கள் பிழைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. மொத்த நிலத்தையும் ஓணத்தை நம்பி நடுவதுதான் சூதாட்டம். பாதியைத் தாமதித்து நட்டால் ஆயுத பூஜை கைகொடுக்கும். கங்கைகொண்டான் சிப்காட் ஆலைகளில் இயந்திரத்துக்கும், நெடுஞ்சாலையில் லாரிக்கும் அன்றைக்கு மாலை வேண்டுமே!

பறிகூலிக்கும் கீழே விலை இறங்கினால் பறிப்பதை நிறுத்திச் செடியோடு உழுதுவிடுகிறார்கள். அதிலும் ஒரு லாபம் உண்டு. கேந்தியின் வேரில் ஊறும் ஒரு பொருள் மண்ணிலுள்ள நூற்புழுவை ஒடுக்கும். அடுத்து அதே பாத்தியில் கத்தரியோ தக்காளியோ வைத்தால் வேர்முடிச்சுத் தொல்லை குறையும்.

ஐப்பசி மழையும் பிச்சிப்பூவும் அடுத்த வாரம்.

(தொடரும்)