நியாயாதிபதிகள் நூலின் அமைப்பு: சக்கரமா, படிக்கட்டா?

நியாயாதிபதிகள் நூலைக் கற்பிக்கும்போது கரும்பலகையில் ஒரு சக்கரம் வரைவது நம் வழக்கம்: பாவம், ஒடுக்குதல், கூக்குரல், மீட்பு, மீண்டும் பாவம். இரண்டாம் அதிகாரமே இச்சுழற்சியை விவரிப்பதால் இது தவறன்று, ஆயினும் போதாது. சக்கரம் ஓரிடத்திலேயே சுழலும். இந்நூலோ படிப்படியாகக் கீழிறங்குகிறது.

நூல் மூன்று பகுதிகளை உடையது: இரட்டை முன்னுரை (1:1–3:6), மீட்பர்களின் வரலாறு (3:7–16:31), இரட்டை முடிவுரை (17–21). ஒத்னியேல், ஏகூத், தெபோராள், கிதியோன் ஆகியோர் காலங்களில் நாடு முறையே 40, 80, 40, 40 ஆண்டுகள் அமைதி கண்டது. கிதியோனுக்குப்பின் இக்குறிப்பு மறைகிறது. சிம்சோன் வரலாற்றிலோ மக்கள் ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டதாகவே நாம் வாசிப்பதில்லை.

இறுதி அதிகாரங்கள் காலவரிசைப்படி அமைந்தவை அல்ல. ஆரோனின் பேரன் பினெகாஸ் அங்கே ஆசாரியனாக நிற்கிறான் (20:28). எனவே முற்பட்ட நிகழ்ச்சியை ஆசிரியர் கருத்துடனேயே கடைசியில் வைத்திருக்கிறார். எவர் முதலில் போருக்குச் செல்வது என்னும் வினாவுக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் யூதா என்பதே விடை. ஆனால் 1:1-2இல் எதிரி கானானியர். 20:18இல் எதிரி, உடன்பிறந்த பென்யமீன்.

தொடக்கத்தில் அக்சாள் கழுதையினின்று இறங்கித் தந்தையிடம் நீரூற்றுகளைக் கேட்டுப் பெறுகிறாள் (1:14-15). இறுதியில் லேவியனின் மறுமனையாட்டி, மறுமொழி ஏதுமின்றிக் கழுதையின்மேல் ஏற்றப்படுகிறாள் (19:28). இடையே தெபோராள் நியாயம் விசாரிக்கிறாள். யெப்தாவின் மகள் தந்தையின் பொருத்தனைக்கு இரையாகிறாள். முடிவில் சீலோவில் நடனமாட வந்த பெண்கள் மனைவியராகப் பிடித்துச் செல்லப்படுகின்றனர். சபையின் மூப்பரே அதற்கு வழி கூறுகின்றனர் (21:16-23). பெண்களுக்கு நேர்வதைக்கொண்டே ஆசிரியர் நாட்டின் வீழ்ச்சியை அளக்கிறார். எபிரேய மறை இந்நூலை முன்னைய தீர்க்கதரிசிகளுள் சேர்த்ததன் பொருத்தம் இங்கு விளங்கும்.

வேலம்பாளையத்தில் இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. பனியன் கம்பெனிகளுக்கும் நூற்பாலைகளுக்கும் வெளியூர்களிலிருந்து வரும் இளம்பெண்கள் நம் ஆராதனையில் பின்வரிசையில் அமர்கின்றனர். ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரால், சில ஆண்டுகள் விடுதியில் தங்கி உழைத்தால் திருமணச் செலவுக்குத் தொகை உண்டு என்று பெண்களைச் சேர்த்த ஆலைகள் கொங்கு நாட்டில் இருந்தன. ஒப்பந்தக் காலம் முடியுமுன் நோயுற்று வெளியேறித் தொகையை இழந்தோர் உண்டு. ஏழைப் பெண்ணுக்கு இது நல்வழியே என்று அதனை விளக்கியோரும் உண்டு. சீலோவுக்கு வழி கூறிய மூப்பரும் தாம் ஒரு கோத்திரத்தைக் காப்பதாகவே எண்ணினர்.

ஞாயிறு பள்ளியில் கிதியோனையும் சிம்சோனையும் கற்பிக்கும் நாம், கடைசி ஐந்து அதிகாரங்களைக் கடந்துவிடுகிறோம். அவற்றை விட்டால் நூலின் வாதமே அறுபடும். சிந்திக்கவும் ஆலோசிக்கவும் பேசவும் 19:30 அழைக்கிறது. அவ்வழைப்பு முதலில் பிரசங்கபீடத்தில் நிற்போருக்கே உரியது.