வலிமை எனப்படுவது யாது?

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவில், காட்டின் நடுவே 99 எண்ணெய்த் தாங்கிகள் அமைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியக் கடற்படைக்காக எழுந்தவை அவை. இத்தகைய எண்ணெய்க் களஞ்சியத்தின் அருகே வாழ்வோருக்கும் பெற்றோல் எட்டாக் கனியாகும் காலம் உண்டு என்பதை 2022ஆம் ஆண்டு உணர்த்திற்று. பழைய மோட்டார்க் கார்களின் பெருமையை நிறுத்துப் பார்ப்பதற்கு அவ்வனுபவம் நல்லதொரு தராசாகும்.

பழங்கார்ப் பிரியர்கள் உலகெங்கும் வியந்து போற்றுவது, 1960களில் அமெரிக்காவில் தோன்றிய ஒருவகைக் கார்களையே. தசைவலிமை மிக்கது என்னும் பொருளில் 'மசில் கார்' என்ற பெயர் அவற்றுக்கு வழங்கலாயிற்று. நடுத்தர அளவான காரினுள் பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்துவதே அவற்றின் இலக்கணம். 1964ஆம் ஆண்டின் பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. இதற்குச் சிறந்த உதாரணம். நடுத்தரக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் ஆகாது என்பது ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் விதி. பொன்ரியாக் பிரிவினரோ, 389 கன அங்குல எஞ்சினை, விரும்பினோர் மேலதிகப் பணம் கொடுத்துப் பெறும் பொருளாக அறிவித்து, அவ்விதியைச் சாதுரியமாகக் கடந்தனர். எட்டு சிலிண்டர், 6.4 லீற்றர் கொள்ளளவு, 325 குதிரைவலு: இவையே அதன் கீர்த்திக்குக் காரணம்.

அக்கீர்த்தி நெடுங்காலம் நிலைக்கவில்லை. காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தது; 1970இல் காற்று மாசுக்கு எதிரான கடுஞ்சட்டம் வந்தது; 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தன. வலிமைக் கார்களின் யுகம் பத்தாண்டுக்குள் முடிவுற்றது.

இலங்கை வீதிகள் நன்கறிந்த பழங்காரோ வேறு. 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் அது. அதனை வகுத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் காரை நெடுக்காக அறுத்து, நான்கு அங்குலம் அகட்டி, அதன் பின்னரே திருப்தியுற்றார். முதல் மைனரின் எஞ்சின் 918 கன சென்ரிமீற்றர், ஜீ.ரீ.ஓ. எஞ்சினின் ஏழில் ஒரு பங்கு. 1960களில் அந்நியச் செலாவணி அருகிய காரணத்தால் இலங்கையில் புதுக் கார்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே, இருந்த காரைப் பழுது பார்த்து ஓட்டுவது பொழுதுபோக்காக அன்றி வாழ்க்கைத் தேவையாக ஆயிற்று.

இவ்விரு கார்களையும் ஒப்பிடும் பிரியர், வேகத்தை மட்டும் நோக்குவாராயின் அமெரிக்கக் காருக்கே மாலை சூட்டுவார். தூரத்தையும் எண்ணெயையும் நோக்குவாராயின் தீர்ப்பு மாறும். 2022இல் அட்டை முறைப்படி ஒரு காருக்கு முதலில் வாரம் 20 லீற்றர் பெற்றோல் வழங்கப்பட்டது. அது நாலரைக் கலனுக்குச் சற்றுக் குறைவு. கலனுக்கு நாற்பது மைல் வரை ஓடும் மைனர் அவ்வளவைக் கொண்டு திருகோணமலையிலிருந்து கொழும்பை எட்டிவிடலாம். கலனுக்குப் பன்னிரண்டு மைல் ஓடும் ஜீ.ரீ.ஓ.வின் தாங்கியோ ஹபரணையை அணுகும்போதே வற்றிவிடும்.

எனினும் மைனர் குறையற்றது அன்று. கடற்காற்றிலுள்ள உப்பு, கதவுக்குக் கீழே உள்ள தகட்டுப் பொள்ளல்களில் ஈரத்துடன் தங்கி, இரும்பை உள்ளிருந்தே அரிக்கின்றது. ஜீ.ரீ.ஓ.வின் கூடு தனியான சட்டத்தின்மேல் அமர்ந்திருப்பது. மைனருக்கோ கூடே எலும்பு. அங்கே துருவேறினால் காரின் முதுகெலும்பே முறிந்ததாகும். துறைமுக நகரில் மைனர் வைத்திருப்போர் அடிப்புறத்தை நன்னீரால் அடிக்கடி கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுவது இன்றியமையாதது.

தோற்றத்தில் யானையும் ஆட்டுக்குட்டியுமான இவ்விரு கார்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் எஞ்சின் முன்னே, உந்துவது பின்சக்கரம், பெற்றோலைக் காற்றுடன் கலப்பது காபரேட்டர். கணினி எதுவும் இல்லை. சாவியும் திருகாணியும் ஏந்திய கை எட்டாத மர்மம் எதுவும் அவற்றில் இல்லை. அக்கையின் திறமையே இலங்கையில் மைனரை வாழவைத்தது. 1990களில் மைனருக்குரிய தகட்டுப் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கும் அனுப்பப்பட்டன. காரைப் படைத்த நாட்டுக்கே காரின் உறுப்பை அளித்த பெருமை அது.

ஆதலால், ஒரு காரின் வலிமையைக் குதிரைவலுவால் மட்டும் அளப்பது முழுமையான அளவாகாது. பழுதுற்றபோது அதனைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் அயலில் இருக்கின்றாரா என்பதும் கணக்கில் சேரவேண்டும். தகடு தட்டும் கலையும் எஞ்சின் பிரிக்கும் கலையும் அடுத்த தலைமுறைக்குக் கைமாறாது போனால், வீரமிக்க அமெரிக்கக் காரும் சிக்கனமிக்க மைனரும் ஒருங்கே வெறும் இரும்பாகிவிடும். பழங்காரைக் காக்க விரும்புவோர் முதலிற் காக்க வேண்டியது அக்கலைகளையே.