சலவைப் பொறியும் துர்நாற்றமும்

கார்த்திகை மாதத்து மழை சற்றே ஓய்ந்த காலைப்பொழுது. யாழ்ப்பாணத்து வீடொன்றிலே பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பிள்ளை தன் வெள்ளைச் சட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளிக்கிறது. சட்டை முதல்நாள் பொறியிலே தோய்த்ததுதான். கண்ணுக்கு வெண்மையாகவே தோன்றுகிறது. ஆனால் ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி வைத்தாற் போன்ற புழுங்கல் நாற்றம் அதிலிருந்து வீசுகிறது. தாய் அதனை மீண்டும் பொறியிலிட்டு, இம்முறை சலவைத்தூளை இரட்டிப்பாகக் கொட்டுகிறாள். நாற்றம் அகலவில்லை. சில கிழமைகளில் பொறியின் மூடியைத் திறந்தவுடனேயே அதே நாற்றம் எழுகிறது. அழுக்கை அகற்றவென்று வாங்கிய பொறியே அழுக்கின் உறைவிடமாவது எங்ஙனம்?

விடை காண்பதற்கு முதலில் கிணற்றடிக்குச் செல்லுதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்த நிலம். பருவகாலத்தில் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறு என்று சொல்லத்தக்கது அங்கே இல்லை. மாரியில் விழும் மழையே பாறையின் வெடிப்புகளூடாக இறங்கிக் கிணற்று நீராகின்றது. இறங்கும் வழியிலே அது சுண்ணத்தைக் கரைத்துக்கொள்ளுகிறது. தேநீருக்கு நீர் காய்ச்சும் கேத்தலின் அடியில் படியும் வெண்ணிறப் பொருக்கு இச்சுண்ணமே. இத்தகைய வன்னீரிலே சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை என்பதையும், தயிர்போலத் திரிந்து வாளியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் குடாநாட்டு மக்களுக்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

வாளியில் ஒட்டியதைத் தேய்த்துக் கழுவிவிடலாம். பொறியில் ஒட்டியது கண்ணுக்கே புலப்படாது. துணி சுழலும் துளைத்தொட்டியைச் சூழ்ந்து வெளியே மற்றொரு தொட்டி உண்டு. இரண்டுக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய இடைவெளியிலே சுண்ணப் படிவும், உடம்பின் எண்ணெய்ப் பசையும், தோற்செதிலும், நூற்பஞ்சும், கரையாத தூளும் கலந்து வழுவழுப்பான ஒரு படலமாகப் படிகின்றன. ஈரமும் இருளும் உணவும் ஒருங்கே வாய்த்த அவ்விடத்தில் நுண்ணுயிர்கள் பெருகுவதில் வியப்பில்லை. நாற்றம் என்பது அவை உண்டு கழித்ததன் விளைவே.

தோய்த்த துணியின் புழுங்கல் நாற்றத்துக்கு மொறக்செல்லா ஒசுலோயென்சிசு என்னும் பற்றீரியா காரணமாவதை ஜப்பானிய ஆய்வாளர் 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது துணியிலே எஞ்சிய பசையிலிருந்து நாற்றமுள்ள ஓர் அமிலத்தை உண்டாக்குகிறது. உலர்வையும் புறவூதாக் கதிரையும் மற்றப் பல பற்றீரியாக்களைக் காட்டிலும் நன்கு தாங்குகிறது என்பதே அவ்வாய்வில் இல்லத்தரசிகள் கருத்தூன்ற வேண்டிய செய்தி. வெயிலிலே காயப்போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை முழுவதும் மெய்யன்று. காய்ந்தபோது மணமின்றியிருந்த துவாய், வியர்வையோ ஈரமோ பட்டதும் மீண்டும் நாறுவதன் காரணம் இதுவே.

முன்னாளில் துணியை உவர்மண்ணிலே தோய்த்து வெள்ளாவியில் வைத்தார்கள். கொதிநீரின் ஆவி துணியின் ஒவ்வோர் இழையினூடும் புகுந்து சென்றது. பொறி வந்தபோது கல்லில் அடிக்கும் உழைப்பு நீங்கிற்று. அதனோடு வெப்பமும் நீங்கிற்று. மேலிருந்து துணியிடும் பொறிகளிற் பல நீரைச் சூடாக்கும் வசதி இல்லாதவை. குளிர்ந்த வன்னீரிலே தூள் முழுவதும் கரையாது, பசையும் இளகாது. வன்னீருக்குச் சற்றுக் கூடுதலான தூள் வேண்டும் என்பது உண்மை. ஆயினும் அளவு மீறிக் கொட்டிய தூள் நுரையாகித் தொட்டியிலேயே தங்கி, நுண்ணுயிர்க்கு விருந்தாகிறது. அந்தத் தாய் செய்த பிழை அன்பினால் நேர்ந்த பிழை, பிழை பிழையே. தூளை இரட்டிப்பதைவிடச் சிறிதளவு சலவைச் சோடாவைச் சேர்த்து நீரின் வன்மையைக் குறைப்பது நன்று.

இனிப் பரிகாரம். மின்னிணைப்பைக் கழற்றிய பின்னர், தூள் இடும் தட்டை வெளியே இழுத்துக் கழுவுதல் வேண்டும். முன்புறக் கதவுள்ள பொறியாயின் கதவைச் சுற்றியுள்ள இறப்பர் வளையத்தின் மடிப்புகளை விரித்துத் துடைத்தல் வேண்டும். கரும்பூஞ்சணம் குடியிருக்கும் இடம் அதுவே. பொறியின் அடியிலுள்ள வடியைத் திறக்குமுன் ஒரு பழந்துணியையும் தட்டையும் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே தேங்கிய நீரும், சில்லறைக் காசும், பொத்தானும், அழுகிய நூலும் வெளிப்படும். நாற்றத்தின் பெரும்பகுதி அவ்வடியிலேயே இருக்கக் கண்டு வியந்தவர் பலர்.

அடுத்து, துணியில்லாத வெறும் பொறியிலே நூறு கிராம் அளவு சித்திரிக்கமிலம் இட்டுச் சுடுநீரில் ஓடவிட்டால் சுண்ணப் படிவு கரையும். தேசிக்காய்ப் புளிப்பும் இதே அமிலந்தான். ஆனால் சாற்றைப் பிழிந்து ஊற்றினால் சதையும் நாரும் உள்ளே தங்கிப் புதிய தொல்லையாகும். வினாகிரியை அடிக்கடி பயன்படுத்துவது இறப்பர்ப் பகுதிகளுக்கு நல்லதன்று. மற்றொரு நாளிலே, ஒட்சிசன் வெளியிடும் வெளிற்றித் தூளை இட்டு 60 பாகைச் செல்சியசில் ஓடவிட்டால் படலம் சிதையும். சூடாக்கி இல்லாத பொறிக்கு ஒரு வாளி கொதிநீருக்கு ஒரு வாளி கிணற்று நீர் என்ற அளவிற் கலந்து ஊற்றினால் ஏறக்குறைய அதே வெப்பம் கிடைக்கும். தனிக் கொதிநீரை ஊற்றுதல் ஆகாது. பொறியோடு வந்த கைந்நூல் எவ்வளவு வெப்பத்துக்கு இடந்தருகிறது என்பதை முதலிற் பார்த்துக்கொள்ள வேண்டும். கலக்கிய நீரை ஒரு மணி நேரம் ஊறவிட்டு ஓடவிடின், மிதந்துவரும் கரிய செதில்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவை நெடுநாளாக அங்கே இருந்தவையே.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கிணற்றுக்குக் குளோரீன் இடப் பயன்படும் வெளிற்றும் தூள் பல வீடுகளில் உண்டு. அதனையோ குளோரீன் கலந்த திரவத்தையோ வினாகிரியுடனும் சித்திரிக்கமிலத்துடனும் ஒருபோதும் சேர்த்தலாகாது. சேர்ந்தால் குளோரீன் வாயு வெளிப்படும். சன்னல் அடைத்த குளியலறையில் அது நுரையீரலைக் கெடுக்கும், உயிருக்கும் ஆபத்தாகும்.

சில வீடுகளில் குற்றம் பொறியினுடையதன்று. கழிவுநீர்க் குழாயின் நுனி கானின் சேற்றிலே அமிழ்ந்திருந்தால் அங்குள்ள கெட்ட காற்று பொறிக்குள் ஏறும். நுனியை உயர்த்திக் கட்டுவதே அதற்கு மருந்து. நீரே நாறுவதும் உண்டு. கிணற்றிலிருந்து ஒரு வாளியும், தண்ணீர்த் தாங்கியிலிருந்து ஒரு வாளியும் எடுத்து முகர்ந்து பார்த்தால் ஐயம் தீரும். சுன்னாகத்துச் சுற்றுப்புறக் கிணறுகளில் மின்னிலையத்து எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமை நேயர்கள் அறிந்ததே. நீரில் எண்ணெய் மணந்தால் பொறியைக் கழுவுவதில் பயனில்லை. நீரைப் பரிசோதிப்பிக்க வேண்டும்.

பொறி தூய்மையான பின் அதனைக் காக்கும் வழி எளிது. தோய்த்து முடிந்தவுடன் துணியை வெளியே எடுத்தலும், மூடியைத் திறந்து வைத்தலும், அழுக்குத்துணியை அதற்குள்ளே சேர்த்து வைக்காதிருத்தலுமே அது. குழந்தைகள் உள்ள வீட்டில் திறந்த பொறியின்மேல் ஒரு கண் இருத்தல் வேண்டும். துவாயையும் உள்ளாடையையும் இடையிடையே சுடுநீரில் தோய்த்தல் நன்று.

எஞ்சியது வெளியேறும் நீர். குடாநாட்டு வீடுகளிற் பெரும்பாலானவற்றில் அது வளவிலே வாழையடியிலோ ஊறுகுழியிலோ விழுகிறது. வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல் அதனை நெடுநேரம் தடுத்து வைப்பதில்லை; ஊறியது கிணற்றை நோக்கிச் செல்லவும் கூடும். ஒட்சிசன் தரும் தூள் நீரிலே சலவைச் சோடாவும் ஒட்சிசனும் நீருமாகப் பிரிந்துவிடும். சித்திரிக்கமிலத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். குளோரீன் அவ்வளவு இலேசாக அடங்குவதன்று. ஆதலால் பொறியைக் கழுவும் நாளிலே குழாயைக் கிணற்றுக்கு எட்டாத பக்கமாகத் திருப்பி, சோடா நீர் ஒரே வாழையின் அடியிலே நாடோறும் விழாதபடி இடம் மாற்றி விடுதல் வேண்டும்.