ஈரப் பனிச்சரிவு

ஈரப் பனிச்சரிவு என்பது மலைச்சாய்வில் படிந்துள்ள பனி, உருகிய நீராலோ மழைநீராலோ வலுவிழந்து கீழே சரியும் நிகழ்வு ஆகும். இமயமலை, ஆல்ப்ஸ் போன்ற மலைகளில் வெயில் ஏறத் தொடங்கும் இளவேனிற் காலத்தில் இது மிகுதியாக நிகழ்கிறது.

காரணம்

வெப்பநிலை 0 பாகை செல்சியசைத் தாண்டும்போது மேற்பனி உருகி, நீர் உள்ளே இறங்குகிறது. இதனால் பனித்துகள்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்கிறது. தெளிவான இரவில் மேற்பரப்பு மீண்டும் உறைந்து இறுகும். மேகமூட்டத்தால் உறையாவிட்டால் மறுநாள் காலையிலேயே இடர் தொடங்கிவிடும். வட அரைக்கோளத்தில் கிழக்கு நோக்கிய சாய்வுகள் காலையிலும், தெற்கு நோக்கியவை நண்பகலிலும், மேற்கு நோக்கியவை பிற்பகலிலும் வலுவிழக்கின்றன.

பாதிப்பு

இது உலர்பனிச் சரிவைவிட மெதுவாக நகரும். ஆனால் அடர்த்தி மிகுந்தது. நின்றதும் சிமெண்டுக் கலவைபோல் இறுகிவிடுவதால், புதைந்தவர் தாமாக வெளிவருவது அரிது. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா செல்லும் சாலையில் ஏற்பட்ட பனிச்சரிவில் சுற்றுலாப் பயணிகள் 7 பேர் உயிரிழந்தனர்.

பாதுகாப்பு

மலையேறுவோர் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் சாய்வுகளைக் கடந்துவிடுவது வழக்கம். கால் முழங்கால்வரை புதைவதும், பனியுருண்டைகள் தாமாக உருண்டு வருவதும் உடனே திரும்ப வேண்டியதற்கான அறிகுறிகள். இந்தியாவில் சண்டிகரிலுள்ள பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.