ஒரு கடைக்காக முழுத் தெருவையும் அடைப்பதா?

இணையத்தில் திருட்டுப் படம் போடும் தளங்களை முடக்குவது பற்றிப் பல ஆண்டுகளாக விவாதம் நடந்து வருகிறது. "இது சினிமாக்காரர்கள் சமாச்சாரம், பலசரக்குக் கடைக்காரருக்கு இதில் என்ன?" என்று நம் உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். நிறையவே இருக்கிறது.

படத் தயாரிப்பாளரின் நஷ்டம் நிஜமானது. நம் கோடவுனிலிருந்து தினம் ஒரு மூட்டை காணாமல் போனால் நாம் சும்மா இருப்போமா? நடைபாதையில் திருட்டு வி.சி.டி. விற்ற காலத்தில், 2004-ல், தமிழக அரசு வீடியோ திருடர்களையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தது. அந்தச் சட்டத்தில் விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அப்போது விற்பவன் கண்ணெதிரே நின்றான். இணையத்தில் ஆள் யாரென்று தெரிவதில்லை. ஒரு பெயரை முடக்கினால் மறுநாளே வேறு பெயரில் வந்துவிடுகிறான். அதனால்தான் ஆளை விட்டுத் தளத்தையே அடைக்கும் வழிக்குச் சட்டம் திரும்பியது.

இதில் நம் சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்று முக்கியமானது. 2012-ல் '3' என்ற தமிழ்ப் படத்துக்காக, முகம் தெரியாத எதிரிகள் மீது தடை உத்தரவு வாங்கினார்கள். இப்படி ஆள் தெரியாத எதிரிக்கு நம் நாட்டில் 'அசோக் குமார்' என்று பெயர் வைப்பது வழக்கம். (அந்தப் பெயருள்ள நண்பர்கள் மன்னிக்க வேண்டும்!) உத்தரவைக் கையில் வாங்கிய இணைய சேவை நிறுவனங்கள் அந்த மே மாதம் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையே முழுசாக அடைத்துவிட்டன. சொந்த வீடியோவை அங்கே வைத்திருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். பலத்த எதிர்ப்புக்குப் பின், ஜூன் மாதம் நீதிமன்றம் விளக்கம் தந்தது: தடை, திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கத்துக்கு மட்டுமே; முழுத் தளத்துக்கு அல்ல. அந்தப் பக்கத்தின் முகவரியைப் படக்காரர் கொடுக்க வேண்டும். கொடுத்த 48 மணி நேரத்தில் சேவை நிறுவனம் அதை அடைக்க வேண்டும்.

தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு கடையில் கலப்பட மிளகாய்த்தூள் பிடிபட்டால் அந்தக் கடைக்குத்தான் சீல் வைப்பார்கள். சாலையின் இரண்டு பக்கமும் ஷட்டரை இறக்கச் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? இணையத்தில் பல நூறு தளங்கள் ஒரே முகவரி எண்ணின் கீழ் ஒண்டுக்குடித்தனம் இருக்கின்றன. ஸ்பெயினில் 2025-ல் கால்பந்து ஒளிபரப்புத் திருட்டைத் தடுக்க இப்படிப் பொது எண்களையே அடைத்தபோது, ஆட்டம் நடந்த நாட்களில் சம்பந்தமில்லாத சிறு வணிகர்களின் தளங்களும் திறக்கவில்லை. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் விலைப்பட்டியலை இணையத்தில் போட்டு ஆர்டர் பிடிக்கும் நம்மவர்களுக்கு தீபாவளி வாரத்தில் அப்படி நேர்ந்தால் யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பது? கடுமையான சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திரையரங்கில் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை என்று 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் சரியானதே. அடைக்கும்போது பார்த்து அடைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

காப்புரிமைப் புகாரால் உங்கள் பக்கத்தை யாரேனும் எடுக்கச் செய்தால் ஒரு விவரம் தெரிந்திருக்கட்டும். புகார் வந்த 36 மணி நேரத்தில் தளத்தை நடத்துபவர் அதை நிறுத்திவைக்க வேண்டும். ஆனால் புகார் தந்தவர் 21 நாளில் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால், பக்கத்தை மறுபடியும் திறந்துவிடலாம். நாள் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு, 22-ம் நாள் எழுத்து மூலம் கேளுங்கள்.

இன்னொன்று, நம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பில் போடும் கம்ப்யூட்டரில் திருட்டு சாப்ட்வேர் என்று தெரிந்தே வைத்திருந்தால், காப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். சாப்ட்வேர் வாங்கிய ரசீதை ஜி.எஸ்.டி. பில்களோடு சேர்த்தே பைல் செய்து வையுங்கள்.