மருந்துச் சீட்டுக்கு ஓர் எக்ஸெல் பட்டியல்

டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டை நம்மால் படிக்க முடிவதில்லை. மெடிக்கல் ஷாப்காரர் படித்துவிடுவார் என்று நம்பி நீட்டுகிறோம். பெரும்பாலும் அவரும் சரியாகவே படித்துவிடுகிறார். தவறினால்? பிரிட்டனில் 1980களில் நீதிமன்றம் வரை சென்ற வழக்கு ஒன்று உண்டு. டாக்டர் எழுதியது அமாக்ஸில் என்ற ஆன்டிபயாடிக். கடையில் அதை டயோனில் என்று படித்துக் கொடுத்துவிட்டார்கள். அது சர்க்கரை நோய்க்கான மாத்திரை. சர்க்கரை நோயே இல்லாத அந்த மனிதருக்கு ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்து, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. இழப்பீட்டில் கால் பங்கை டாக்டர் மீதும், முக்கால் பங்கைக் கடைத் தரப்பின் மீதும் சுமத்தினார்கள்.

நம் நாட்டில் மருந்தின் ஜெனரிக் பெயரை, தெளிவாக, கூடுமானவரை கேபிடல் எழுத்துகளில் எழுத வேண்டும் என்ற விதி 2016ல் கொண்டு வரப்பட்டது. படிக்கக்கூடிய மருந்துச் சீட்டைப் பெறுவது அடிப்படை உரிமை என்று 2025ல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் கூறியது. கையெழுத்து மாறும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஒரு மருந்துப் பட்டியல் வைத்துக் கொள்ளலாம். என் வீட்டில் பெரியவர்களுக்காக நான் எக்ஸெலில் வைத்திருக்கிறேன். (எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.)

முதலில் ஒன்று. பட்டியலைச் சீட்டைப் பார்த்து டைப் செய்யாதீர்கள். சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் மருந்தின் பெயரையும் அது எதற்கு என்பதையும் கேட்டுக் கொள்ளுங்கள். மாத்திரை வாங்கியபின் அட்டையில் அச்சிட்டிருப்பதை ஓர் எழுத்து விடாமல் டைப் செய்யுங்கள். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் மாத்திரையைத் தொடாமல் டாக்டருக்குப் போன் செய்திடுங்கள்.

காலம்கள் இவை: கம்பெனி வைத்த பெயர், ஜெனரிக் பெயர், எதற்காக, அளவு, அலகு, வேளை, சாப்பாட்டிற்கு முன்பா பின்பா, கிழமை. அளவையும் அலகையும் ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரே செல்லில் 500 மி.கி. என்று டைப் செய்து, அதன் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள். 501 மி.கி., 502 மி.கி. என்று எக்ஸெல் தானாகவே கூட்டிக் கொண்டு போகும்! மருந்துப் பட்டியலில் இந்த புத்திசாலித்தனம் நமக்கு வேண்டாம். தனி எண்ணாக 500 மட்டும் இருந்தால் இழுக்கும்போது 500 ஆகவே காப்பி ஆகும்.

இன்னொரு லாபமும் உண்டு. கையால் 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகிவிடும்; .5 என்பது 5 ஆகிவிடும். பத்து மடங்கு மருந்து! எக்ஸெலில் 1.0 என டைப் செய்தால் 1 என்றும், .5 என்றால் 0.5 என்றும் தானே திருத்திக் காட்டும். அலகில் சுருக்கெழுத்து வேண்டாம். தைராய்டு மாத்திரை மைக்ரோகிராம் கணக்கு. அதை மில்லிகிராம் என்று படித்தால் ஆயிரம் மடங்கு. இன்சுலினுக்கு "யூ" என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் அது பூஜ்யம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும். யூனிட் என்று முழுதாக டைப் செய்யுங்கள்.

வேளை காலத்தில்தான் ஒரு வேடிக்கை. காலை, இரவு மட்டும் என்பதற்கு 1-0-1 என்று டைப் செய்தால் அப்படியே நிற்கும். மூன்று வேளைக்கு 1-1-1 என்று டைப் செய்து என்டர் தட்டினால், 2001ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியாக மாறிவிடும்! ஆகவே டைப் செய்வதற்கு முன்பே அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ் சென்று, நம்பர் டேபில் டெக்ஸ்ட் என்பதைக் கிளிக் செய்து ஓகே கொடுங்கள். டைப் செய்த பிறகு மாற்றினால் 36892 என்ற எண் வந்து நிற்கும். அதை அழித்துவிட்டுத் திரும்ப டைப் செய்திட வேண்டியதுதான்.

கிழமைக்குத் தனிக் காலம் எதற்கு? மூட்டு வாதத்திற்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரை வாரம் ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. இதில் "ஞாயிறு மட்டும்" என்று டைப் செய்து, செல்லுக்குச் சிவப்பு வண்ணம் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் டைப் செய்தபின், டேட்டா மெனுவில் சார்ட் கட்டளை கொடுத்து, ஜெனரிக் பெயர் காலத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருந்தால் அடுத்தடுத்த வரிசையில் வந்து மாட்டிக் கொள்ளும். ஜலதோஷ மாத்திரையிலும் காய்ச்சல் மாத்திரையிலும் பாராசிட்டமால் இருப்பது இப்படித்தான் தெரிய வரும். எதை நிறுத்துவது என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. நாம் காட்டினால் போதும்.

எழுத்துரு வெர்டானாவாக இருக்கட்டும். ஏரியலில் ஆங்கிலப் பெரிய "ஐ"யும் சிறிய "எல்"லும் ஒன்று போலவே இருக்கும். பட்டியலின் மேலே பெயர், வயது, ஒத்துக் கொள்ளாத மருந்து, தேதி ஆகியவற்றைச் சேர்த்து, பக்கத்தை லேண்ட்ஸ்கேப் ஆக்கி இரண்டு பிரதிகள் பிரிண்ட் எடுங்கள். ஒன்று மாத்திரை டப்பாவில், இன்னொன்று டாக்டரிடம் போகும் பையில். டாக்டர் மருந்தை மாற்றிய அன்றே பைலைத் திருத்தி, பழைய பிரதிகள் இரண்டையும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.