அருவியில் கிடைத்த காசு லட்ச ரூபாய்க்கு போகுமா? அச்சுப் பிழையா, அடிபட்ட காசா? கண்டுபிடிப்பது எப்படி

தென்காசி:-

ஆற்றையும் அருவியையும் கண்டால் ஒரு காசை தூக்கிப் போட்டு கும்பிடுவது நம்ம ஊர் பழக்கம். குற்றாலத்தில் சீசன் முடிந்து தண்ணீர் வற்றியதும், அருவிக்கரையிலும் சிற்றாற்று மணலிலும் அந்தக் காசுகள் தலைகாட்டும். எழுத்து அழிந்து, ஓரம் தேய்ந்து, சில காசுகள் பார்க்கவே வினோதமாக இருக்கும்.

"அண்ணாச்சி, செல்போன்ல வீடியோ பாத்தேன். தப்பா அடிச்ச காசு லட்ச ரூவாய்க்கு போகுதாம்லா... இதைக் கொஞ்சம் பாருங்க" என்று டீக்கடையில் காசை நீட்டுபவர்கள் உண்டு. அப்படி நீட்டப்படும் காசுகளில் பெரும்பாலானவை அடிபட்ட காசுகளே. அச்சுப் பிழை உள்ள நிஜமான நாணயம் அபூர்வம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாததால்தான் மோசடிக்காரர்களிடம் பலர் கைக்காசை இழக்கிறார்கள்.

ஒரே அடியில் காசு

நாணய ஆலையில் முதலில் உலோகத் தகட்டில் இருந்து வட்ட வட்டமாக வில்லை வெட்டுகிறார்கள். வில்லையின் விளிம்பை உருட்டி எழுப்பி, மேலும் கீழும் இருக்கும் இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து ஓங்கி அழுத்தினால் தலையும் பூவும் ஒரே நேரத்தில் விழுந்துவிடும். இந்த வேலைக்குள் நடந்த கோளாறுதான் அச்சுப் பிழை. ஆலை வாசலை தாண்டிய பிறகு காசுக்கு என்ன நடந்தாலும் அது வெறும் சேதாரம்.

அருவிக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். மணலும் கூழாங்கல்லும் வருஷக்கணக்கில் உரசியதில் மேடான எழுத்துதான் முதலில் தேயும். ஓரம் மழுங்கும். எடையும் குறையும். பழைய 10 பைசா, 20 பைசா அலுமினிய காசு என்றால் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். செம்புக் காசு பச்சை பிடித்திருக்கும்.

தண்டவாளத்தில் வைத்து ரெயில் ஏறிய காசு அகலமாகி, எழுத்தெல்லாம் இழுபட்டிருக்கும். ஆரத்தி தட்டில் கற்பூரச் சூடு பட்ட காசு கருத்துப் போயிருக்கும். பழைய வெள்ளிக் காசின் உச்சியில் பற்றவைத்த தழும்பு தெரிந்தால், யாரோ பாட்டி கழுத்தில் கோர்த்து போட்டிருந்தது என்று அர்த்தம். இவை எதுவும் அச்சுப் பிழை ஆகாது.

ஓரம் வெட்டுப்பட்ட காசு

ஏமாற்று அதிகம் நடப்பது இதில்தான். வில்லை வெட்டும்போதே பிறைபோல ஒரு துண்டு போயிருந்தால் அது நிஜமான பிழை. அரம் வைத்து ராவியும் அதே பிறையை உண்டாக்கலாம். எப்படி கண்டுபிடிப்பது?

வெட்டுக்கு நேர் எதிர் ஓரத்தை பாருங்கள். பிறப்பிலேயே குறை உள்ள வில்லை என்றால், விளிம்பு உருட்டும்போது அந்த இடத்தில் அழுத்தம் கிடைக்காது. அதனால் நேர் எதிர் விளிம்பும் பெரும்பாலும் எழும்பாமல் மங்கலாக இருக்கும். ராவிய காசில் எதிர் விளிம்பு ஜம்மென்று இருக்கும். வெட்டிய இடத்தில் அரத்தின் கீறலும் தெரியும்.

ஒரு பக்கம் சிங்கத் தலை சரியாக இருந்து, மறுபக்கமும் அதே சிங்கம் கண்ணாடியில் பார்ப்பது போல திரும்பி, பள்ளமாக விழுந்திருந்தால் அது நல்ல பிழை. முன்பு அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் பதிந்ததால் வருவது. ஆனால் இரண்டு காசுகளை பட்டறை வைஸில் வைத்து நெருக்கியும் இதை செய்கிறார்கள். அப்படி செய்ததில், அந்தப் பக்கத்தில் ஏற்கனவே இருந்த எழுத்து நசுங்கி அடியில் தெரியும். நிஜமானதில் வேறு எழுத்தின் சுவடே இருக்காது.

அச்சு விலகி பாதி எழுத்து மட்டும் விழுந்த காசை நகைக்கடை தராசில் போடுங்கள். எடை குறையாது. அச்சுதான் விலகியதே தவிர உலோகம் எங்கும் போகவில்லையே!

இதெல்லாம் பிழையே அல்ல

ஓட்டைக் காலணாவை பிழை என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். 2-ம் உலகப்போர் சமயத்தில் செம்பை மிச்சம்பிடிக்க 1943 முதல் 1947 வரை ஓட்டையோடுதான் அதை அடித்தார்கள். வருஷத்துக்கு கீழே இருக்கும் நட்சத்திரம் ஐதராபாத் ஆலையின் அடையாளம், டைமண்ட் மும்பை, புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ரூபாய் குறியீடு இல்லாத 10 ரூபாய் நாணயமும் செல்லும். அதுவரை வந்த 14 வகை 10 ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-ம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது.

செங்கோட்டை பக்கம் சங்கு போட்ட சின்ன செம்புக் காசு கிடைப்பதிலும் அதிசயம் இல்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ந்தேதி தமிழகத்தோடு சேரும் வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய்.

எந்தக் காசு கிடைத்தாலும் புளி, சாம்பல், சபீனா போட்டு தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், விலை போய்விடும்.

பணம் கட்டச் சொன்னால்...

நிஜமான பிழை என்றாலும் இந்தக் காலத்து காசுக்கு சேகரிப்பவர்கள் தருவது பெரும்பாலும் சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம்தான். வைஷ்ணவி தேவி படம் போட்ட 2012-ம் ஆண்டு நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவதாக சொல்வதை நம்ப வேண்டாம்.

மோசடி நடப்பது இப்படித்தான். போட்டோ அனுப்பச் சொல்வார்கள். "உங்க காசுக்கு 5 லட்சம், ஆனா முதல்ல பதிவு கட்டணம் கட்டணும்" என்பார்கள். அப்புறம் ஜி.எஸ்.டி., கமிஷன் என்று ஒவ்வொன்றாக கறப்பார்கள். ரிசர்வ் வங்கி பெயரில் கடிதம்கூட வரும். பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தங்களுக்கு சம்பந்தம் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று 2021 ஆகஸ்டு 4-ந்தேதி அந்த வங்கியே எச்சரித்துள்ளது. காசை வாங்குபவர்தானே பணம் தர வேண்டும், விற்பவர் ஏன் கட்ட வேண்டும்?

ஏற்கனவே பணம் அனுப்பிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்கு பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

வீடு கட்ட வானம் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால் கதை வேறு. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே கலெக்டருக்கு தகவல் கொடுத்தாக வேண்டும்.